நிற்க வைத்துப் பார்த்தீர்களா?

வணக்கம் டொக்டர்,

உங்கள் எழுத்தைக் கனகாலமாக வாசித்து வருகிறேன். என் மகள் யாழ் மருத்துவபீடத்தில் படித்து, இன்டேர்ன்ஷிப்பும் முடித்துவிட்டாள். கார்டியோலஜி செய்வாள் என்று நானும் மனைவியும் நினைத்திருந்தோம். இப்போது முதியோர் மருத்துவம்தான் செய்யப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வயதுபோனவர்களுக்கு வருவது பிறசரும் சுகரும் மூட்டுவலியும்தானே? அதற்கெல்லாம் கிளினிக்கில் குளிசை கொடுக்கிறார்கள். இதற்கென்று தனியாக ஒரு ஸ்பெசலிஸ்ட் எதற்கு?

இன்னொன்று. என் அம்மாவுக்கு 84 வயது. பிறசர் 160க்குக் கிட்ட நிற்கிறது. கனடாவிலிருக்கும் தம்பி குளிசையைக் கூட்டச் சொல்கிறான். மகள் இப்போதைக்கு ஒன்றும் கூட்டவேண்டாம் என்கிறாள். எங்கள் அப்பா பாரிசவாதம் வந்துதான் போனவர். 160ஐப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

இந்தத் துறையில் உழைப்பு இருக்கிறதா என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். முடிந்தால் மகளோடு ஒருக்கால் கதைத்து அவளுடைய மனதை மாற்றப் பாருங்கள்.

கொக்குவிலிலிருந்து ஒரு தகப்பன்
(பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

*

அன்புள்ள நண்பருக்கு,

அம்மாவின் விசயத்தை முதலில் எடுக்கிறேன், மற்றவை ஆறுதலாக இருக்கட்டும். ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு குளிசையைக் கூட்டு, குறை என்று எழுதமாட்டேன். உங்கள் கடிதத்தில் 160 என்ற எண் மட்டும்தான் இருக்கிறது. அது இருந்தபடி எடுத்ததா படுத்தபடி எடுத்ததா, கை மேசையில் இருந்ததா தொங்கிக்கொண்டிருந்ததா, எடுக்கும்போது அம்மா கதைத்துக்கொண்டிருந்தாவா, சலம் முட்டிக்கொண்டு இருந்தாவா, ஒன்றும் தெரியவில்லை. இவை எல்லாமே எண்ணை மாற்றும். மெலிந்த கைக்குப் பெரிய பட்டி சுற்றினால் குறைத்துக் காட்டும், பருத்த கைக்குச் சின்னப் பட்டி சுற்றினால் கூட்டிக் காட்டும். நாடித்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு, தம்பிமார் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் மெசின் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை சொல்லும். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அம்மா எழும்பி நின்றபோது எவ்வளவு என்பது. அது உங்கள் கடிதத்தில் இல்லை.

முதியோர் மருத்துவம் செய்யும் எங்கள் தொழிலில் பாதி அங்கேதான் கிடக்கிறது. ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருதரம் எடுப்போம். பிறகு எழுப்பி நிற்கவைத்து, ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் இன்னொன்று. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், எழும்பும்போது பிறசர் விழுகிற ஆள் என்று குறித்துக்கொள்வோம். இளவயதில் நாங்கள் எழும்பும்போது இரத்தம் காலுக்கு இறங்கியதும் கழுத்து நாடியிலும் பெருநாடியிலும் உள்ள உணரிகள் அதைக் கண்டு, இதயத்தை விரைவுபடுத்தி, நாளங்களை இறுக்கி, மூளைக்குப் போவதைச் சரிக்கட்டிவிடும். வயது போகப்போக அவை மந்தமாகிவிடுகின்றன. பெருநாடியும் வெயிலில் கிடந்த தோட்டத்துக் குழாய்போல விறைத்துப்போகிறது. அதனால்தான் வயதானவர்களுக்கு மேல் எண் ஏறியும் கீழ் எண் இறங்கியும் 170க்கு 65 என்று வருகிறது. ஆக, ஒரே ஆளுக்குப் படுத்திருக்கும்போது 165ம் நிற்கும்போது 120ம் இருக்கலாம். எந்த எண்ணுக்கு மருந்து கொடுப்பது?

கிளினிக்குகளில் ஏன் நிற்கவைத்து எடுப்பதில்லை என்று கேட்பீர்கள். வாங்கில் விடியற்காலையிலிருந்து சனம் குந்தியிருக்கும்போது ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம் எங்கே கிடைக்கும்? அங்கிருக்கும் டொக்டர்மாரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பத்து நிமிடம் யாராவது ஒருவரிடம் இருக்கவேண்டும். ஸ்பெசலிஸ்ட் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள முதல் பதில் இதுதான்.

இரண்டாவது பதில் சொப்பிங் பைக்குள் இருக்கிறது. என்னிடம் வருபவர்கள் எல்லாரிடமும் வீட்டிலுள்ள மருந்து முழுவதையும் பையோடு கொண்டுவரச் சொல்வேன். தீவுப் பக்கத்து ஆச்சி ஒருவர், வயது எழுபத்தெட்டோ ஒன்பதோ, இரவில் விழுந்து கை முறிந்து மாவுக்கட்டோடு வந்தா. பையை மேசையில் கொட்டினோம். கடதாசி உறைக்குள் ஒரு கிளினிக்கின் நிஃபெடிபின். இன்னொரு இடத்தில் எழுதிய அம்லோடிபின் அட்டை. இரண்டும் ஒரே வகை மருந்து, பெயர்தான் வேறு. அந்த வகை மருந்து கணுக்காலை வீங்கவைக்கும். இவவுக்கும் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு மூன்றாவது ஒருவர் நீர் போக ஃபுரூசெமைட் கொடுத்திருக்கிறார். அதனால் இரவிலும் சலத்துக்கு எழும்பவேண்டி வந்தது. கக்கூஸ் வளவின் பின்பக்கம். விறாந்தைப் படியில் இறங்கும்போதுதான் விழுந்தா. போதாக்குறைக்கு முழங்கால் வலிக்கு பார்மசியில் துண்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபெனாக். அது உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிப் பிறசரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அந்த ஏறிய பிறசருக்குத்தான் முதலில் மருந்து கூட்டியிருக்கிறார்கள்! படுக்கவைத்து எடுத்தபோது 158, நின்றபோது 118.

நான் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. இரண்டில் ஒன்றை நிறுத்தி, மற்றதைக் குறைத்து, நீர்க்குளிசையையும் வலிக்குளிசையையும் எடுத்துவிட்டேன். ஆச்சிக்கு அது பிடிக்கவேயில்லை. “இவ்வளவு தூரம் பஸ்ஸில வந்ததுக்கு ஒண்டும் தரேல்லையே தம்பி, இருந்ததையும் பறிச்சுப்போட்டியள்” என்றா. கட்டு வெட்ட வந்தபோது பார்த்தேன், கால் வீக்கம் வற்றியிருந்தது, நின்றபடி எடுத்தால் 140க்கு மேல். கோபம் மட்டும் வற்றவில்லை.

இதை வாசித்துவிட்டு யாராவது தாங்களாகக் குளிசையை நிறுத்தினால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். வயதுபோனவர்களுக்குப் பிறசர் கூட இருக்கத்தான் வேண்டும், வயதோடு நூறைக் கூட்டிக்கொள் என்று ஒரு பழைய கணக்கு எங்கள் ஊரில் இன்னும் உலாவுகிறது. ஒருகாலத்தில் டொக்டர்மாரும் கிட்டத்தட்ட அப்படித்தான் நம்பினார்கள். 1991இல் அமெரிக்காவில் செப் என்ற ஆய்வு அதை உடைத்தது. அறுபது வயதுக்கு மேல், மேல் எண் மட்டும் ஏறியிருந்தவர்களுக்கு மலிவான நீர்க்குளிசையில் தொடங்கிய சிகிச்சை, பாரிசவாதத்தை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடக் குறைத்தது. எண்பது தாண்டியவர்களுக்கும் பொருந்துமா என்ற சந்தேகம் மிச்சமிருந்தது. அதற்கு 2008இல் ஹைவெட் ஆய்வு பதில் சொன்னது. எண்பது வயதும் அதற்கு மேலும், 160ம் அதற்கு மேலும் இருந்த 3845 பேர், இலக்கு 150க்கு 80. மருந்து எடுத்தவர்களில் இறப்பு 21 வீதம் குறைந்தது, இதயம் பலவீனமாகி நீர் கோப்பது 64 வீதம் குறைந்தது, பாரிசவாதமும் குறைந்தது. ஆக, 84 வயதுதானே என்று விட்டுவிடுகிற விசயமல்ல. உங்கள் தம்பியின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த ஆய்வுகளுக்கு யாரைச் சேர்த்தார்கள் என்றும் பார்க்கவேண்டும். 2015இல் வந்த ஸ்பிரின்ட் ஆய்வு 120க்குக் கீழே இறக்கினால் இன்னும் நல்லது என்று காட்டியது, எழுபத்தைந்து வயது தாண்டியவர்களிலும்கூட. நீரிழிவுக்காரரையும், ஏற்கெனவே பாரிசவாதம் வந்தவர்களையும், பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களையும், எழும்பி நின்றால் 110க்குக் கீழே போகிறவர்களையும் அதில் சேர்க்கவில்லை. அவர்களைக் கழித்துவிட்டால் எங்கள் கிளினிக் வாங்கில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? மிச்சமுள்ளவர்களுக்கு ஆய்வு வழி சொல்லும். கழிக்கப்பட்டவர்களுக்கு ஆளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும். நடையைப் பார்த்து, ஞாபகத்தைப் பார்த்து, சமையல் யார் செய்கிறார்கள், இரவில் பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு. உங்கள் மகள் பொறுங்கள் என்று சொன்னது சும்மா இருங்கள் என்ற அர்த்தத்தில் இருக்காது. நிற்கவைத்து எடுத்தாளா, எவ்வளவு வந்தது என்று அவளையே கேளுங்கள்.

எங்கள் ஊருக்கென்றும் சில கணக்குகள் உண்டு. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்பார்கள், நீர்க்குளிசையை மட்டும் நேரம் தவறாமல் போடுவார்கள். நல்லூர்த் திருவிழாவில் மேல்சட்டை இல்லாமல் ஆவணி வெயிலில் மணிக்கணக்காக நிற்பார்கள். விரதம் முடித்துப் பாறணைச் சோறு வயிறு முட்டச் சாப்பிட்டதும் இரத்தம் குடலுக்கு ஓட, கதிரையிலிருந்து எழும்புகிற ஆள் அப்படியே சரிவார். சாப்பாட்டுக்குப் பிறகு பிறசர் இறங்குவது முதியவர்களிடம் சாதாரணம், இரண்டு மணித்தியாலத்துக்குள் நடக்கும். விரதம் பிடிக்காதே என்று சொன்னால் கேட்கமாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஐப்பசி பிறக்கும்போதே கூப்பிட்டு, அந்த நாட்களில் எந்தக் குளிசையை என்ன செய்வது என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். உப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது. கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் உள்ள வீட்டில் அது காலைச் சாப்பாட்டோடேயே முடிந்துவிடும். ஆனால் பல் இல்லாத, பசி இல்லாத, தனியே இருக்கும் ஒரு கிழவருக்கு உப்பை முழுவதும் மறித்தால் அவர் சாப்பாட்டையே விட்டுவிடுவார். அப்படிப்பட்டவரோடு கருவாட்டுத் துண்டுக்கு நான் சண்டை பிடிப்பதில்லை.

இனி என் கதை கொஞ்சம். இந்தத் துறைக்கு நான் விரும்பி வரவில்லை. எண்பத்துமூன்றுக்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போனேன். இதயம்தான் படிக்க ஆசை. எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு இலேசில் திறக்காது. ஒரு நேர்முகத்தில், முதியோர் வாட்டில் இடமிருக்கிறது, எடுத்தால் எடு என்றார்கள். உள்ளூர் டொக்டர்மார் கால் வைக்காத துறை அது. அங்கே முதியோர் மருத்துவத்தைத் தூக்கி நிறுத்தியவர்களில் இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை டொக்டர்மார் ஏராளம். பலர் என்னைப் போலத் தள்ளப்பட்டு வந்தவர்கள்.

அந்தத் துறைக்கும் நீண்ட வரலாறு இல்லை. பெயரை 1909இல் நியூயோர்க்கில் இக்னாட்ஸ் நாஷர் வைத்தார். 1935இல் லண்டன் வெஸ்ட் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் மார்ஜரி வாரன், இனி ஒன்றும் செய்யமுடியாது என்று வருடக்கணக்காகப் படுக்கையில் விடப்பட்டிருந்த முதியவர்களை ஒவ்வொருவராகச் சோதித்து, எழுப்பி, நடக்கவைத்து, பலரை வீட்டுக்கு அனுப்பினார். சென்னையில் பேராசிரியர் வி. எஸ். நடராஜன் முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கியது 1978இல். எங்கள் யாழ் மருத்துவபீடம் தொடங்கியதும் அதே வருடம்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்று எம்.டி. படிப்பு 1996இல் வந்தது. கொழும்பிலும் இப்போது பட்டப்பின் படிப்பாக இது இருக்கிறது. உங்கள் மகள் கதவு மூடி வந்தவளல்ல, தானாகத் தெரிந்தெடுத்து வருகிறாள். எனக்கு அது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

உழைப்பைப் பற்றி ஒளிக்காமல் கேட்டீர்கள். அரச சம்பளம் எந்தக் கொன்சல்டன்டுக்கும் போலத்தான். பின்னேரம் தனியாராகக் காசுக்கு நோயாளரைப் பார்க்கும் சனலிங்கில் வித்தியாசம் தெரியும். இதய டொக்டருக்கு எக்கோ இருக்கிறது, அஞ்சியோகிராம் இருக்கிறது. இவளுக்கு ஒரு பிறசர்ப் பட்டியும் ஒரு கட்டிலும்தான். மற்றவர் ஐந்து பேரைப் பார்க்கும் நேரத்தில் இவள் ஒரு ஆச்சியைப் பார்த்து முடிப்பாள். நடுவில் டொரொன்டோவிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் வந்து, “அம்மாக்கு விடிய 148, பத்து மணிக்கு 163, ஏன் டொக்டர்?” என்று கேட்பார். அதற்கும் பதில் சொல்லவேண்டும், அதற்குக் காசு இல்லை. அம்மாவை ஒரு நாளைக்கு எட்டுத்தரம் பிறசர் எடுக்கவிடாதே என்று அவருக்குப் புரியவைப்பதற்கே கால்மணித்தியாலம் போகும். அவரைக் கோபிக்கவும் முடியாது. அவ்வளவு தூரத்திலிருந்து அவரால் பிடித்துக்கொள்ளக்கூடியது அந்த எண் ஒன்றுதான். பிள்ளைகள் எல்லாரும் வெளியே, தாய் தகப்பன் மட்டும் ஒழுங்கை முடிவில் ஒரு பெரிய வீட்டில் என்றாகிவிட்ட ஊர் இது. இவளுக்கு ஆட்களுக்குப் பஞ்சம் வராது, காசு மெதுவாகத்தான் வரும். கல்யாணப் பேச்சில் தரகர் இந்தத் துறையின் பெயரைக் கேட்டு முகத்தைச் சுழிக்கலாம். அது தரகரின் பிரச்சினை.

மகளோடு கதைக்கிறேன். மனதை மாற்றவல்ல, பரீட்சைக்கு எதை எப்படிப் படிக்கவேண்டும், வெளிநாட்டுப் பயிற்சிக்கு எங்கே போகலாம் என்று சொல்ல. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில் இருப்பேன், வரச்சொல்லுங்கள். நீங்கள் கூட வரவேண்டாம்.