ஐன்ஸ்டீன் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: மேற்படிப்புக்கு ஜெர்மனி, கனடா, பிரிட்டன் மூன்றுக்கும் விண்ணப்பிக்கப் போகிறேன். எந்த நாடு நல்லது? உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் வரும் பல்கலைக்கழகம் எதுவாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடலாமா?

பதில்: தரவரிசை என்ற சொல்லை என்னிடம் வந்து சொல்லலாமா? இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்கள் ‘சரி, ஆரம்பித்துவிட்டார்’ என்று இப்போதே சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஆமாம், ஆரம்பித்துவிட்டேன்.

உலகப் பல்கலைக்கழகங்களைத் தரவரிசைப்படுத்தும் ஷாங்காய் பட்டியல், அந்த ஊர்ப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து 2003இல் வந்தது. சீனப் பல்கலைக்கழகங்கள் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கின்றன என்று பார்க்க அவர்கள் போட்ட கணக்கு அது. நீங்கள் எங்கே சேரலாம் என்று சொல்வதற்காகப் போட்டது இல்லை. அதில் நூற்றுக்கு 30 மதிப்பெண் நோபல் பரிசுக்கும், கணிதத்தின் பெரிய பரிசான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கும் போகிறது. அங்கே படித்தவர் வாங்கியிருந்தால் 10, வேலை பார்த்தவர் வாங்கியிருந்தால் 20.

இதனால் பெர்லினில் ஒரு பாகப்பிரிவினைச் சண்டையே நடந்தது. போருக்கு முன் அந்த நகரத்தில் ஒரே பெர்லின் பல்கலைக்கழகம். போருக்குப் பின் நகரம் பிளந்தது. கிழக்கில் இருந்தது ஹம்போல்ட் பல்கலைக்கழகம் ஆனது, மேற்கில் 1948இல் ஃப்ரீ யூனிவர்சிட்டி என்று புதிதாக ஒன்று முளைத்தது. முதல் ஷாங்காய் பட்டியலில் பழைய நோபல்களையெல்லாம், ஐன்ஸ்டீன் உட்பட, மேற்கின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அதற்கு 95ஆவது இடம். கிழக்கு விடுமா? ஐன்ஸ்டீன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று மல்லுக்கு நின்றது. பரிசுகளைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தார்கள். அந்தப் பக்கம் நூறு இடத்துக்கு மேல் சரிந்தது.

இத்தனைக்கும் அங்கே பேராசிரியர் யாரும் போய்விடவில்லை, ஆய்வகம் எதையும் மூடவில்லை, நூலகத்தில் ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை. முந்தின வருடம் முதல் நூறு என்று கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்த மாணவன், கண்ணைத் திறந்தால் இருநூறில் நிற்கிறான். சொத்துக்குரிய ஐன்ஸ்டீனோ ஹிட்லர் வந்ததும் 1933இல் அந்த நாட்டுக்கே முழுக்குப் போட்டவர். அப்போது மேற்குப் பல்கலைக்கழகம் பிறக்கவே இன்னும் 15 வருடம் பாக்கி!

மற்றப் பட்டியல்கள் மட்டும் யோக்கியமா? கியூஎஸ் பட்டியலில் 30 சதவீதம், பேராசிரியர்களிடம் ‘உங்களுக்குத் தெரிந்து எது நல்ல பல்கலைக்கழகம்?’ என்று கேட்டு வாங்குவது. பெயர் இருப்பதற்கே பெயர் கிடைக்கும் ஏற்பாடு. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் இன்னொரு பட்டியலுக்குக் கொடுத்த புள்ளிவிவரங்களை, அங்கேயே கணிதம் சொல்லிக்கொடுக்கும் மைக்கேல் தாடியஸ் 2022இல் உட்கார்ந்து சரிபார்த்து, பல தப்பு என்று காட்டினார். அதே வருடம் அது 2ஆம் இடத்திலிருந்து 18க்கு இறங்கியது. கணக்கு வாத்தியார்களை நான் மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐன்ஸ்டீன் வந்துவிட்டார், அவர் எப்படி நாடு தேர்ந்தெடுத்தார் என்றும் பார்த்துவிடுவோம். மியூனிக்கில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பையன். பள்ளிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று சூரிச் பாலிடெக்னிக்கில் வழி இருந்தது, அங்கே போனார். 1895இல் தேர்வு எழுதி, கணக்கும் இயற்பியலும் பிரமாதம், மற்றப் பாடங்கள் காலை வாரிவிட, இடம் கிடைக்கவில்லை. ஆராவ் என்ற ஊரில் ஒரு வருடம் பள்ளியில் படித்துவிட்டு 1896இல் சேர்ந்தார். ஆக, அவர் பார்த்தது சேர்க்கை விதியை.

1900இல் படிப்பு முடிந்தது. எந்தப் பேராசிரியரும் உதவியாளராகக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அங்கங்கே தற்காலிகமாகப் பாடம் சொல்லிக்கொடுத்து ஒப்பேற்றி, பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் நிலையான வேலைக்குப் போனது 1902 ஜூனில். கிட்டத்தட்ட இரண்டு வருடம். இன்று ஜெர்மனியில் படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவருக்கு வேலை தேடத் தரும் அவகாசம் 18 மாதம். ஐன்ஸ்டீன் மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். பிரிட்டன் இரண்டு வருடம் தருவதால் மயிரிழையில் தப்பியிருப்பார். ஆனால் 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அங்கேயும் 18 மாதம்தான்.

இப்போது உங்கள் கேள்வி. நீங்கள் தேர்ந்தெடுப்பது நாட்டை இல்லை, அந்த நாட்டின் இந்த வருடத்து விதியை. பிரிட்டன் அந்த வேலை விசாவை 2012இல் ஒழித்தது, 2021இல் திரும்பக் கொண்டுவந்தது, இப்போது சுருக்குகிறது. கனடா, கையில் காட்ட வேண்டிய செலவுத் தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 ஆக 2024 ஜனவரியில் ஏற்றியது. அதே மாதம் மாணவர் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு. இலவசக் கல்விக்குப் பெயர்போன நார்வே 2023இல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் போட்டது. ஜெர்மனியிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024இல் சேர்ந்துகொண்டது. எந்த ஒரு சலுகையை நம்பிப் போகிறீர்களோ, அது படிப்பு முடிவதற்குள் போய்விட்டாலும் இந்தப் படிப்பு வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால் போங்கள்.

நழுவுகிறார் என்பீர்கள், அதனால் சொல்கிறேன். பணம் குறைவு, மொழி கற்கத் தயார் என்றால் ஜெர்மனி. பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம், வேலைக்கான நேர்காணல் பெரும்பாலும் ஜெர்மனில் இருக்கும், எனவே ‘அங்கே போய்க் கற்றுக்கொள்கிறேன்’ என்பவர்கள் தயவுசெய்து வேறு நாடு பார்க்கவும். பணம் இருக்கிறது, ஒரே வருடத்தில் முதுகலை முடிய வேண்டும் என்றால் பிரிட்டன். கனடா என்றால் பல்கலைக்கழகப் பட்டமாகப் பாருங்கள். கல்லூரி டிப்ளமோ படித்தால் வேலை அனுமதிக்கு இப்போது படித்த துறையையும் பார்க்கிறார்கள்.

அப்புறம், ‘இலவச ஆலோசனை’ என்று பலகை வைத்திருக்கும் ஏஜென்ட்டுகள். அவர்களுக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம் என்று முன்பு இதே பக்கத்தில் எழுதியதற்கு, ஒரு ஏஜென்ட் நாலு பக்கத்துக்கு மறுப்பு அனுப்பினார். தான் எவ்வளவு நல்லவர் என்பதற்கு மூன்றரைப் பக்கம், மீதியில் எனக்குச் சாபம். கமிஷன் வாங்குவதில்லை என்று மட்டும் ஒரு வரியிலும் இல்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கமிஷன் தருவதில்லை. உங்கள் ஏஜென்ட்டிடம் அந்த நாட்டைப் பற்றி விசாரித்துப் பாருங்கள், எத்தனையாவது நிமிடத்தில் பேச்சு வேறு நாட்டுக்குத் திரும்புகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.