பழைய சோல் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகை) பாடல்களின் எல்பி தொகுப்பில் 2 பாட்டு மட்டும் கரகரப்பது ஏன்?

உங்கள் எல்பியில் (இசைத்தட்டில்) பெரும்பாலும் கோளாறு இருக்காது. உடனே திருப்பி அனுப்ப வேண்டாம். மற்ற பாட்டெல்லாம் சுத்தமாக இருந்து அந்த 2 சோல் பாட்டு மட்டும் கரகரக்கிறது என்றால், மூல ஒலிப்பதிவு டேப் கிடைக்காமல், அந்தப் பாட்டு முதலில் வெளியான பழைய 45 ஆர்பிஎம் சிறிய இசைத்தட்டிலிருந்தே எடுத்திருப்பார்கள்.

அந்தக் காலத்துச் சின்ன லேபிள்களின் (இசைத்தட்டு நிறுவனங்களின்) கதி அப்படி. ஓஹையோவின் கொலம்பஸில் பில் மாஸ் 1970-களில் நடத்திய கேப்சோல் லேபிள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. பழைய பாடல்களை மறுவெளியீடு செய்யும் சிகாகோவின் நியூமரோ குரூப் 2004-இல் அதன் பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு அவை மறுபடி பலரையும் எட்டின. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் பல லேபிள்களின் டேப்புகள் வீணாகிவிட்டன, எஞ்சியது தட்டுதான்.

சரிபார்க்க, அதே பாட்டை ஸ்ட்ரீமிங்கில் ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பாட்டின் ஒலி மெல்லக் குறைந்து முடியும் இடத்தைக் கவனியுங்கள். படபடவென்ற சத்தம் அங்கேயும் வந்தால் தட்டுப் பிரதி. சீரான 'ஸ்ஸ்' மட்டும் என்றால் டேப். அப்புறம் உள்ளே இருக்கும் குறிப்பேட்டையும் படியுங்கள், சில சமயம் அதிலேயே சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்று, ஸ்ட்ரீமிங்கில் சுத்தமாக இருந்தால் முதலில் ஊசியைத் துடைத்துப் பாருங்கள். குரல் உச்சத்தில் மட்டும் பிசிறினால் அது அன்றைய ஒலிப்பதிவிலேயே இருந்த பிசிறாக இருக்கலாம்.