தாடைச் சதை தொங்குகிறதா? எந்த ஃபேஸ்லிஃப்ட் (தளர்ந்த முகத்தைத் தூக்கும் அறுவை)?

கேள்வி: வயது 56. தாடையோரமும் கழுத்தும் தளர்ந்துவிட்டன. நூல் போட்டு இழுத்தால் போதுமா, 'டீப் பிளேன்' முறைதான் வேண்டுமா? (வாசகி, காட்பாடி)

பதில்: கழுத்தும் தளர்ந்திருப்பதால் நூல் போதாது. தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் தழும்பு அகலமாகும், காது மடல் கீழே இழுபடும். இழுவையைத் தாங்க வேண்டியது தோலுக்கு அடியிலுள்ள ஸ்மாஸ் படலம். அதை மடித்துத் தைப்பது ஒரு முறை. டீப் பிளேனில் அந்தப் படலத்துக்கும் அடியில் சென்று, பிடிமான நார்களை விடுவித்து, தோலோடு சேர்த்தே தூக்குவார்கள். கன்னச் சரிவுக்கு நல்லது. ஆனால் முகத்தை அசைக்கும் நரம்புக் கிளைகள் அருகிலேயே ஓடுகின்றன, அவை அடிபடக் கூடாது. முறையின் பெயரைவிட சர்ஜனின் கைப்பழக்கமே முக்கியம்.

அறுவைக்குப் பின் முதல் 24 மணி நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். புகை, புகையிலைப் பழக்கமிருந்தால் அறுவைக்கு 4 வாரம் முன்பே விடுங்கள். இல்லையேல் காதின் பின்தோல் கருகிப்போகலாம். வேலூர் வெயிலில் புதுத் தழும்பு கறுக்கும், சித்திரை வைகாசி வேண்டாம்.