ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் குடலில் உள்ள பாக்டீரியாக்கள் எல்லாமே செத்துவிடுமா?

இல்லை, எல்லாம் சாவதில்லை. உங்கள் வீட்டில் யாருக்கோ கோர்ஸ் நடக்கிறது, அந்தப் பயத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நான் மருத்துவர் இல்லை. அம்மாவுக்குத் துணையாக வார்டில் கிடந்தபோது கேட்டும், பிறகு படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். காயம் ஆறியது, ஆனால் பேதி பிடித்துக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "மாத்திரைச் சூடு, மோர் கொடு" என்றார்கள். மலப் பரிசோதனையில் வந்த பெயர் குளோஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில். பேதியை உண்டாக்கும் ஒரு குடல் பாக்டீரியா அது.

இந்தக் கிருமிக்குத் தடித்த ஓடு கொண்ட வித்தாக மாறத் தெரியும். வித்து வளர்வதில்லை, பெருகுவதில்லை. அதனால் மருந்துக்கு அதனிடம் வேலையில்லை. போட்டிக்கு இருந்த நல்ல பாக்டீரியாக்கள் குறைந்ததும் முளைத்துவிடுகிறது. அம்மாவுக்கு வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக்கை வாய்வழியாகவே கொடுத்தார்கள். நரம்பில் ஏற்றினால் குடலுக்குப் போய்ச் சேராதாம். பேதி நின்றது, சில வாரங்களில் திரும்பவும் வந்தது. அந்த மருந்தும் வித்துகளைக் கொல்வதில்லை.

வித்தாக மாறாமலும் தப்பலாம். பெனிசிலினில் சில செல்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு பிழைத்திருப்பதை 1944-இல் ஜோசப் பிக்கர் என்ற பாக்டீரியா ஆய்வாளர் எழுதினார். மருந்தையே சிதைக்கும் நொதி வைத்திருப்பவையும் உண்டு. அதற்கான மரபணுவைப் பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும். டென்மார்க்கில் ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு மூன்று கடுமையான மருந்துகளை 4 நாள் கொடுத்துப் பார்த்து, 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்தது. ஆனால், வழக்கமாக இருந்த 9 இனங்கள் 180 நாள் கழித்தும் பெரும்பாலோரிடம் தென்படவில்லை.

ஆன்டிபயாட்டிக்கையே குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அது இல்லாமல் அந்த அறுவை சிகிச்சையே நடந்திருக்காது. என் ஆத்திரம் வேறு. இந்த வித்துகள் ஆல்கஹால் சானிடைசருக்கு அசைவதில்லை. சோப்புப் போட்டுத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். அம்மாவின் கட்டில் காலில் சானிடைசர் பாட்டில் தொங்கியது. வாஷ்பேசினில் சோப்பு இல்லை. கேட்டதற்கு, "சானிடைசர்தான் இருக்கிறதே அம்மா" என்றார்கள். நான் வாங்கி வைத்த சோப்பும் மறுநாள் காணவில்லை. பஞ்சுக்கும் கையுறைக்கும் தனித்தனியாகப் பில் போடுகிறவர்கள், ஒரு சோப்பை அங்கே வைக்கக் கூடாதா?