வீட்டுக் கல்வி கேள்வி-பதில்: கைமணியைப் பரணில் போடுங்கள்

வந்த கடிதங்களில் பாதி, ஏற்கெனவே இரண்டு தடவை பதில் சொன்ன கேள்விகள். அவற்றை விட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டேன்.

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம். எப்படித் தொடங்குவது? முழு விவரமும் உடனே அனுப்பவும்.

வயது இல்லை. எந்த நாடு என்று இல்லை. இதுவரை பள்ளிக்குப் போன பிள்ளையா, போகாத பிள்ளையா, அதுவும் இல்லை. மூன்று வயதுக்கும் பதிமூன்று வயதுக்கும் ஒரே மருந்தா எழுதித் தர முடியும்? இந்த மூன்றையும் எழுதி மறுபடி கேளுங்கள்.

பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது சட்டப்படி சரியா?

இருக்கும் நாட்டைப் பொறுத்தது. ஜெர்மனியில் வெகு அரிதான விதிவிலக்குகள் தவிர அனுப்பியே ஆக வேண்டும். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 7-ஆம் பிரிவே 'பள்ளியிலோ வேறு வழியிலோ' என்று இடம் கொடுக்கிறது. அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் செய்யலாம், நிபந்தனைகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சிங்கப்பூரில் முன்கூட்டியே விலக்கு வாங்க வேண்டும், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் பிள்ளை எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று இறங்காதீர்கள், உங்கள் ஊர் விதியை நீங்களே படியுங்கள். பள்ளியில் பெயர் இருந்தால் முறைப்படி எழுதிக் கொடுத்து நீக்கிய பிறகே நிறுத்துங்கள். கடிதத்தின் நகலில் தேதி போட்டு வையுங்கள்.

எட்டு வயதுப் பெண். மூன்று ஆண்டு பள்ளிக்குப் போனாள். ஓராண்டுக்கான முழுப் பாடத்திட்டப் பெட்டி வாங்கி, காலை 9 முதல் 3 வரை அட்டவணை போட்டிருக்கிறோம். இரண்டாவது வாரமே அழுகிறாள். கண்டிப்பு போதவில்லையோ?

கண்டிப்பா? அவள் அழாமல் இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். பள்ளியை விட்டு வெளியே கூட்டி வந்து, அதே பள்ளியைக் கூடத்தில் கட்டி, ஒரே ஒரு மாணவியாக உட்கார வைத்திருக்கிறீர்கள். பள்ளியிலாவது ஆசிரியர் அடுத்த பிள்ளையைப் பார்க்கும்போது இவள் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பாள்.

பள்ளியின் ஆறு மணி நேரத்தில் படிப்பு எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். வருகைப் பதிவு, வரிசை, நோட்டுத் திருத்தும்வரை காத்திருப்பு, நாற்பது பேரை அமைதிப்படுத்துவது. இதெல்லாம் ஒற்றைப் பிள்ளைக்குக் கிடையாது. ஆறேழு வயதுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை ஒரு மணி நேரம் போதும். எட்டிலிருந்து பத்து வயதுக்கு இரண்டு. பதின்ம வயதில் மூன்று, நான்கு. அதையும் துண்டு துண்டாக்குங்கள். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாடம் 20 நிமிடத்தைத் தாண்டுவது அரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்துக் கல்வியாளர் சார்லட் மேசன் 1880-களிலேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் மணிக்கணக்கில் உட்கார வைக்கிறோம்.

அடுத்து அந்தப் பெட்டி. எனக்கு இதில் பழைய கோபம் உண்டு, ஒளிக்கவில்லை. என் மூத்தவனுக்கு நானும் ஒன்று வாங்கினேன். கூடவே ஒரு கைமணியும். பாடத்துக்குப் பாடம் அடித்தேன்! கணக்கில் அவன் பெட்டியை விட ஓராண்டு முன்னால் இருந்தான், எழுத்தில் ஓராண்டு பின்னால். காசு கொடுத்து வாங்கிவிட்டோமே என்று தெரிந்த கணக்கையே போட வைத்து, எட்டாத கட்டுரையை எழுத வைத்து, நாலு மாதத்தில் புத்தகத்தைக் கண்டாலே நழுவுகிறவனாக ஆக்கிவிட்டேன். பெட்டியைத் தயாரிப்பவருக்கு உங்கள் மகளைத் தெரியாது. அது வாங்குகிற அம்மா அப்பாவின் பயத்துக்குத்தான் மருந்து, பிள்ளைக்கு அல்ல.

இப்போது என்ன செய்வது? பள்ளியில் கழித்த ஆண்டுக்கு ஒரு மாதம் ஓய்வு என்று வீட்டுக் கல்விக்காரர்கள் சொல்லும் கணக்கு உண்டு. உங்களுக்கு மூன்று மாதம். ஓய்வு என்றால் சும்மா விடுவதில்லை: தினமும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், நூலகம் கூட்டிப் போங்கள், வீட்டு வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதைத் தானாகத் தேடிப் போகிறாள், எதில் ஒதுங்குகிறாள் என்று பாருங்கள். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அப்புறம் என்ன வாங்க வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லும். அதுவரை எதுவும் வாங்காதீர்கள்.

ஏழு வயதாகிறது, தமிழ் வாசிக்கத் தடுமாறுகிறான்.

பின்லாந்தில் கட்டாயக் கல்வி தொடங்குவதே ஏழு வயதில்தான். பதற வேண்டாம். ஆனால் கண்ணையும் காதையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். இதைப் பலர் கடைசியில்தான் செய்கிறார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பில் சிரமம் இருந்திருந்தால் நிபுணரிடம் காட்டவும் தயங்காதீர்கள்.

247 எழுத்தையும் சுவரில் ஒட்டி ஒப்பிக்க வைக்கிறீர்களா? எடுத்துவிடுங்கள். உயிர் 12, மெய் 18, அப்புறம் துணைக்குறிகள் எப்படிச் சேர்கின்றன என்பது, அவ்வளவுதான். கா, கி, கெ எல்லாம் ஒரே மாதிரி போகும். பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் உகர, ஊகார வரிசையில்: கு, சு, டு, மு என்று ஆளுக்கொரு வால். அவற்றை மட்டும் தனியாக எடுத்து, நாளுக்கு இரண்டு சொல் வீதம் பழக்குங்கள்.

எனக்கே கணக்கு வராது. நான் எப்படிச் சொல்லித் தருவது?

'எனக்கும் தெரியலை, வா பார்க்கலாம்' என்று சொல்லத் தெரிந்தால் போதும். இடமதிப்பையும் பின்னத்தையும் நீங்கள் முதலில் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், தொடக்க வகுப்புச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

நண்பர்கள் இல்லாமல் போய்விடுவார்களே?

நீங்கள் கதவைப் பூட்டி வைத்தால் போய்விடுவார்கள். வாரம் இரண்டு முறை, அதே இடம், அதே நேரம், அதே பிள்ளைகள். ஒரு நாள் முகாமில் நட்பு வராது.

நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறோம். ஐந்து வயது. பாட்டி பார்த்துக்கொள்வார். கைப்பேசிச் செயலி ஒன்று போட்டுக் கொடுத்தால் போதும்தானே?

போதாது. ஐயா, உங்கள் கடிதத்தில் 'நாங்கள்' என்று ஆறு இடத்தில் இருக்கிறது, ஆனால் வேலை முழுவதும் பாட்டி தலையில். அவரைக் கேட்டீர்களா? அவர் கதை சொல்லட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பேத்தியைக் கூட வைத்துக்கொள்ளட்டும், பிரமாதம். மீதியை நீங்களும் உங்கள் மனைவியும் காலையிலும் மாலையிலும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்கு அரை மணி நேரம் போதும். அதுகூட இல்லை என்றால் பள்ளிக்கே அனுப்புங்கள், தப்பில்லை.

மகனுக்குப் பதினைந்து. அடுத்த மாதம் ஐஜிசிஎஸ்இ என்னும் பத்தாம் வகுப்பு நிலைச் சர்வதேசத் தேர்வுக்குப் பணம் கட்டலாம் என்றிருக்கிறோம். தனித்தேர்வர் மையம் எப்படிப் பிடிப்பது?

அடுத்த மாதமா! எல்லா மையமும் தனித்தேர்வரைச் சேர்க்காது. சேர்க்கும் மையமும் சொந்தமாக ஒரு கடைசித் தேதி வைத்திருக்கும். அறிவியல் எடுத்தால் செய்முறைத் தேர்வா, அதற்குப் பதிலான எழுத்துத் தாளா என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்கெல்லாம் இரண்டு ஆண்டு முன்னால் தொடங்குவதுதான் வழக்கம். இன்றே நாலு மையத்துக்கு எழுதுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், தேதி போட்டு வையுங்கள். கிடைக்கவில்லை என்றால் அடுத்த தேர்வுப் பருவம் இருக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் பழைய வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதிப் பழகட்டும்.