கூப்பிட்டால் வரும் ஆளா, மாதக் கான்ட்ராக்டா? சுங்கை சிப்புட் வியாபாரிகளின் கணினிக் கேள்விகள்

கணினி கெட்ட பிறகு ஆளைக் கூப்பிடுவதா, கெடாமல் பார்த்துக்கொள்ள மாதாமாதம் பணம் கட்டுவதா? இதைப் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் வியாபாரிகளிடமிருந்து வந்த கேள்விகளுக்குச் சிறு வியாபாரங்களின் கணினிப் பராமரிப்பு தெரிந்த ஒருவர் பதில் தருகிறார்.

மளிகைக் கடைக்காரர்: அண்ணே, கடையில் 3 கணினி. வருஷத்துக்கு 4 தடவை ஏதாவது கெடும், தடவைக்கு 150 வெள்ளி. இப்போது மாதம் 350 வெள்ளிக்குக் கான்ட்ராக்ட் போடச் சொல்கிறார்கள். 600 எங்கே, 4,200 எங்கே?

600 வெள்ளி ஆள் கூலி மட்டும்தான். கல்லா நின்ற நேரத்தையும் கூட்டிப் பாருங்கள். மணிக்கு 800 வெள்ளி வியாபாரம், அதில் 15 விழுக்காடு லாபம் என்று வைத்தால் மணிக்கு 120 வெள்ளி. ஈப்போவிலிருந்து ஆள் வந்து சரிசெய்ய 5 மணி நேரம் ஆனால் 600 வெள்ளி. நாலு தடவைக்கு 2,400, கூலியோடு 3,000. இந்தக் கணக்கில் கான்ட்ராக்ட் கட்டுபடியாகாது.

ஆனால் எந்த நாளில் கெடுகிறது என்பது முக்கியம். சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும், தோட்டத்துச் சனம் கடைக்கு வருவதும் அந்த நாட்களில்தான். அப்போது மணிக்கு 2,400 வெள்ளி ஓடும் கல்லா நாலில் இரண்டு தடவை நின்றால் கூலியோடு மொத்த இழப்பு 5,400-ஐத் தொடும். கான்ட்ராக்ட் போட்டாலும் எல்லாப் பழுதும் நின்றுவிடாது, அதையும் மனதில் வையுங்கள். என் யோசனை: மூன்றுக்கும் போடாதீர்கள். கல்லா கணினிக்கும் அதன் பேக்கப்புக்கும் மட்டும் விலை கேளுங்கள். பழைய கணினி ஒன்றில் அதே பில் புரோகிராமை ஏற்றி, பில் பிரிண்டரையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தயாராக வையுங்கள். மாற்றிப் போட 20 நிமிடம் போதும். மற்ற இரண்டும் கெட்டால் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

செம்பனைக் குலை வாங்கும் மையத்துக் கிராணி: ஐயா, இடி இடித்தால் எடைமேடைக் கணினி போய்விடுகிறது. 2 வருஷத்தில் 3 முறை. ஒவ்வொரு முறையும் புது யூபிஎஸ் வாங்கச் சொல்கிறார்கள். மாதப் பராமரிப்பு இடியைத் தடுக்குமா?

மாதப் பராமரிப்பு தடுக்காது, வயரிங் தடுக்கும். முதலில் எந்தப் பாகம் எரிந்தது என்று பாருங்கள். பவர் சப்ளை எரிந்திருந்தால் இடி மின்கம்பி வழியாக வந்திருக்கிறது. சீரியல் போர்ட் (எடைக் கருவியின் கேபிள் செருகும் ஓட்டை) செத்திருந்தால், எடையை உணரும் லோட் செல், எடையைக் காட்டும் இண்டிகேட்டர் பக்கமிருந்து வந்திருக்கிறது. நெட்வொர்க் போர்ட் செத்திருந்தால் எடைக் குடிசைக்கும் ஆபீசுக்கும் நடுவே இழுத்த லேன் கேபிள்தான் வழி. யூபிஎஸ் நன்றாக இருந்து சீரியல் போர்ட் மட்டும் போயிருந்தால், இன்னொரு யூபிஎஸ் வாங்கிப் பயனே இல்லை.

மூன்று வழிக்கும் மூன்று மருந்து. மின்சாரப் பெட்டியில் எஸ்பிடி என்ற மின்னல் தடுப்புக் கருவியை லைசன்ஸ் உள்ள வயர்மேன் பொருத்தட்டும். அதன் இணைப்புக் கம்பிகள் எர்த் கம்பியோடு சேர்த்து மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். நீளமானால் கருவி இருந்தும் பாதுகாப்புக் குறையும். இண்டிகேட்டருக்கும் கணினிக்கும் ஒரே எர்த், நடுவில் மின்தொடர்பைப் பிரிக்கும் சீரியல் ஐசொலேட்டர் ஒன்று. குடிசைக்கும் ஆபீசுக்கும் நடுவே உள்ள செம்பு லேன் கேபிளைக் கழற்றி, இரும்புக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிளும், அதை இரு முனையிலும் லேனோடு இணைக்க இரண்டு மீடியா கன்வர்ட்டரும் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது.

பராமரிப்பு ஆளுக்கும் இங்கே வேலை உண்டு. யூஎஸ்பி-சீரியல் கேபிளை வேறு ஓட்டையில் செருகினால் பல சமயம் கணினி அந்தப் போர்ட்டுக்கு வைத்த காம் எண் மாறி, காம் 3 என்பது காம் 5 ஆகிவிடும். லாரி மேடையில் நிற்கும், திரையில் எடை 0 என்று காட்டும், கிராணி இண்டிகேட்டர் கெட்டது என்று நினைப்பார். காம் எண், பாட் ரேட் (தரவு போகும் வேகம்), பாரிட்டி (பிழை சோதிக்கும் அமைப்பு) மூன்றையும் எழுதி கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். தகரக் கூரைச் சூட்டில் யூபிஎஸ் பேட்டரி சீக்கிரம் சாகும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். 6 மாதத்துக்கு ஒருமுறை, லாரி இல்லாத நேரத்தில் சுவர் சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று குறித்து வையுங்கள். இண்டிகேட்டரின் முத்திரையைக் கணினி ஆள் தொடவே கூடாது. அது எடை அளவுச் சட்ட விவகாரம்.

கிளினிக் நிர்வாகி: சார், எங்கள் கான்ட்ராக்டில் "4 மணி நேரத்தில் வருவோம்" என்று இருக்கிறது. இது முன்கூட்டிய பராமரிப்புதானே?

இல்லை அக்கா. கெட்ட பிறகு சீக்கிரம் வருவார்கள், அவ்வளவுதான். அதிலும் வருவதற்குத்தான் 4 மணி நேரம், சரிசெய்து முடிப்பதற்கு அல்ல. உண்மையில் முன்கூட்டிப் பார்ப்பவர் மாதம் ஒரு தாள் தருவார். அதில் நாலு விஷயம் இருக்க வேண்டும்: பேக்கப்பைத் திருப்பி ஏற்றிப் பார்த்த தேதி, ஒவ்வொரு டிஸ்கின் ஸ்மார்ட் எண்கள் (டிஸ்க் தன் பழுதைத் தானே குறித்து வைக்கும் கணக்கு), போடாமல் நிற்கும் அப்டேட், யூபிஎஸ் தாங்கிய நிமிடம். சுழலும் டிஸ்கில் 5, 197, 198 என்ற மூன்று வரிசைகளைக் கவனியுங்கள். 0 ஆக இருந்த எண் மாதாமாதம் ஏறினால், டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.

நோயாளி விவரம் 2010 தனிநபர் தரவுச் சட்டத்தில் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய நுண்ணியத் தரவு (சென்சிட்டிவ் டேட்டா). 2025 ஜூன் 1 முதல், பெரிய பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவை 72 மணி நேரத்தில் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதைக் கான்ட்ராக்டிலேயே எழுதி வாங்குங்கள்.

லாரி கம்பெனி கணக்காளர்: பேக்கப் டிஸ்க் ஒன்று எப்போதும் கணினியில் செருகியே இருக்கிறது. தினமும் கணக்கு ஃபைலைக் காப்பி செய்கிறேன். போதாதா தம்பி?

போதாதுங்க அக்கா. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். இடி விழுந்தாலும் இரண்டும் ஒன்றாகப் போகும். இரண்டு டிஸ்க் வைத்து வெள்ளிக்கிழமை மாற்றுங்கள், ஒன்று வீட்டில் இருக்கட்டும். கணக்குப் புரோகிராம் திறந்திருக்கும்போது ஃபைலை அப்படியே இழுத்துக் காப்பி செய்தால் அது உடைந்த காப்பியாக இருக்கலாம். திறந்து பார்க்கும்வரை தெரியாது. புரோகிராமுக்குள்ளேயே இருக்கும் பேக்கப் பொத்தானைப் பயன்படுத்துங்கள். மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் ஏற்றி, போன மாத லெட்ஜரின் கடைசி வரி வருகிறதா என்று பாருங்கள்.

டியூஷன் சென்டர் ஆசிரியை: 8 கணினியும் விண்டோஸ் 10. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கட்டணமும் மாணவர் ஐசி எண்ணும் இருக்கும் கணினியை உடனே மாற்றுங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருந்து, 8-ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையது என்றால் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏறும். பிள்ளைகள் பயிற்சி செய்யும் கணினிகளைத் தனி வைஃபையில் பிரித்து, ஒவ்வொன்றாக மாற்றலாம்.

இரும்புச் சாமான் கடைக்காரர்: கே.எல்.-இல் இருக்கும் மகன் ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறான். கான்ட்ராக்ட் எதற்கு?

கான்ட்ராக்ட் இருக்கட்டும், அந்தப் போர்ட்டை இன்றே மூடச் சொல்லுங்கள். அது விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பின் கதவு. இணையம் முழுக்கத் தானியங்கிப் புரோகிராம்கள் அதைத் தட்டிப் பாஸ்வர்டு போட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். ரவுட்டரில் விபிஎன் என்ற பூட்டிய தனிப்பாதை போட்டு மகன் அதன் வழியாக வரட்டும், பாஸ்வர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்போடு. மகன் பொறுப்பாகப் பார்த்தால் வெளியாள் வேண்டியதில்லை. ஆனால் ரவுட்டர், அட்மின், பேக்கப் பாஸ்வர்டு மூன்றையும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கடை அலமாரியில் நீங்களே பூட்டி வையுங்கள்.