எட்டுப் பேரோடு பெர்லின்: போகவா, நழுவவா?

கேள்வி: அக்கா, நான் ஜெர்மனியில் மேக்டபர்க்கில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். அடுத்த மாதம் எங்கள் செட்டில் எட்டுப் பேர் ஒரு சனி, ஞாயிறு பெர்லின் போவதாகப் பேச்சு. ஏற்பாடெல்லாம் ஒரு நண்பன்தான். எக்ஸெல் ஷீட் போட்டு இரண்டு நாளுக்குப் பத்தொன்பது இடம் எழுதி வைத்திருக்கிறான். டிவி டவர், பெர்கமோன் மியூசியம், செக்பாயின்ட் சார்லி, ராத்திரி கிளப் எல்லாம் அதில் உண்டு. செலவைக் கடைசியில் எட்டாகப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறான். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அப்பா லோன் போட்டு அனுப்பியிருக்கிறார். பார்ட் டைம் வேலை இன்னும் அமையவில்லை. ஜெர்மனி முழுக்க உள்ளூர், வட்டார ரயில், பஸ்களில் போக உதவும் டாய்ச்லாந்து டிக்கெட் மட்டும் கையில் இருக்கிறது. அசைன்மென்ட் என்று சொல்லி நழுவிவிடலாமா என்று பார்க்கிறேன். ஆனால் பெர்லின் சுவரைப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து ஆசை. என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், மேக்டபர்க்

பதில்: தம்பி, போய் வாருங்கள். அசைன்மென்ட் பொய் எடுபடாது. எட்டுப் பேரும் ஏறக்குறைய ஒரே வகுப்பு. என்ன அசைன்மென்ட், எப்போது கடைசித் தேதி என்று அவர்களுக்குத் தெரியாதா?

பணத்தை முதலில் பேசிவிடுவோம். உங்கள் செட்டில் பலரும் பிளாக்டு அக்கவுன்டிலிருந்து (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக எடுக்கும் கணக்கு) மாதம் 992 யூரோ என்று அளந்து வருகிற பணத்தில்தான் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அதில் வாடகையும் இன்ஷூரன்ஸும் போனால் என்ன மிஞ்சும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே அந்த ஷீட்டைப் பார்த்து வயிற்றைக் கலக்கியது உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இன்னும் இரண்டு பேராவது வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள் என்பது என் ஊகம். சிக்கல் செலவில்கூட இல்லை, ‘கடைசியில் பிரிக்கலாம்’ என்பதில்தான் இருக்கிறது. ஒருவர் மூன்று காக்டெயில் குடிப்பார், ஒருவர் தண்ணீர் குடிப்பார், கணக்கு எட்டால் வகுபடும். தண்ணீர் குடித்தவர் ஞாயிறு ராத்திரி போனைப் பார்த்து மனதுக்குள் திட்டிக்கொண்டு பணம் அனுப்புவார். எத்தனையோ நல்ல நட்பு இப்படித்தான் கசந்துபோகிறது.

இப்போதே சொல்லிவிடுங்கள். குரூப்பில் போடுவதற்கு முன்னால் அந்த நண்பனிடம் தனியாகச் சொல்லுங்கள். உட்கார்ந்து ஷீட் போட்டவன் அவன். எல்லார் எதிரிலும் அதை வெட்டினால் முகம் சுருங்கிவிடும். பிறகு குரூப்பில் இப்படி எழுதலாம்: “டேய், நான் வர்றேன். ஆனா இந்த ட்ரிப்புக்கு என் கையில இவ்ளோதான் இருக்கு. ஹாஸ்டலை மட்டும் பொதுவுல போட்டுப்போம். சாப்பாடு, என்ட்ரி டிக்கெட், கிளப் எல்லாம் அவங்கவங்க கணக்கு. டவருக்கு நான் வரல, அந்த நேரத்துல வேற இடம் பாத்துட்டு வந்துடறேன்.” ‘இவ்ளோ’ என்ற இடத்தில் தொகையை எண்ணால் எழுதுங்கள். ‘கொஞ்சம் டைட்’ என்று எழுதினால் அவரவர் வசதிக்கு ஓர் அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். ஹாஸ்டல் விலையைப் பார்க்கும்போது, அதற்கு மேல் பெர்லின் நகர வரி 7.5 சதவீதம் வருமா, சேர்த்தே போட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்துக்கு உங்களுக்குக் காசே ஆகாது. மேக்டபர்க்கிலிருந்து ஆர்.இ. 1 என்ற வட்டார ரயிலில் மாறாமல் பெர்லின் போகலாம், இரண்டு மணி நேரத்துக்குள். ஐ.சி.இ., ஐ.சி. என்ற தொலைதூர ரயில்களில் மட்டும் உங்கள் டிக்கெட் செல்லாது. வாரக் கடைசிகளில் தண்டவாள வேலை நடப்பதுண்டு, முந்தின நாள் ஆப்பில் பார்த்துவிடுங்கள். பெர்லினுக்குள் எஸ்-பான் (நகர ரயில்), யு-பான் (மெட்ரோ), டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் அதே டிக்கெட்தான். வெள்ளி, சனி இரவுகளில் யு-பானும் எஸ்-பானும் விடிய விடிய ஓடும். அதனால் ‘ஊபர் போட்டுக்கலாம்’ என்ற பேச்சு வந்தால் தைரியமாக மறுக்கலாம். டிக்கெட் இல்லாமல் யாராவது ஏறிப் பிடிபட்டால் 60 யூரோ அபராதம். அதை எட்டாகப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி அந்தப் பத்தொன்பது இடம். பெர்கமோன் மியூசியத்தை உங்கள் நண்பன் ஏதோ பழைய வீடியோ பார்த்துச் சேர்த்திருக்கிறான். 2023 அக்டோபரில் புதுப்பிப்பு வேலைக்காக அதை முழுக்க மூடினார்கள். எல்லாரும் பார்க்க விரும்பும் பாபிலோனின் இஷ்தார் வாசல் இருக்கும் பகுதி திறக்க 2037 ஆகும் என்பது திட்டம். அதே மியூசியம் தீவில் இருக்கும் நோயஸ் மியூசியத்தில் எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் சிலை இருக்கிறது. மாணவர் அட்டைக்குக் கட்டணம் குறையும், ஆர்வம் உள்ளவர்கள் போகட்டும். செக்பாயின்ட் சார்லி சுவர் இருந்த காலத்து எல்லைச் சோதனைச் சாவடி; இப்போது அங்கே நிற்கும் காவல் கூண்டு நகல்தான், சுற்றிலும் நினைவுப்பொருள் கடைகள். அதை ஷீட்டிலிருந்து எடுத்துவிடலாம். டிவி டவர் 368 மீட்டர் உயரம், டிக்கெட்டும் அதற்கேற்ற உயரம். கிளப் விஷயத்தில் எனக்கு அனுபவம் கிடையாது. பெர்லின் கிளப்புகளின் டெக்னோ இசை 2024-இல் ஜெர்மனியின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலேயே ஏறிவிட்டது, அதனால் ஆசைப்படுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பேர் பெற்ற கிளப்புகளில் மணிக்கணக்கில் வரிசையில் நின்ற பிறகும் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், அதை மட்டும் தெரிந்துகொண்டு போகட்டும்.

எட்டுப் பேரும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யார் சொன்னது? எட்டுப் பேர் என்றால் ஒருவர் பாத்ரூம் தேடுவார், ஒருவர் சார்ஜர் தேடுவார், பாதி நாள் நடைபாதையிலேயே கழியும். ரயிலில் ஒன்றாகப் போங்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒன்றாகக் கூடுங்கள், பகலில் இரண்டு மூன்று பேராகப் பிரிந்துவிடுங்கள். அப்படிச் செய்தால் உங்கள் பணப் பிரச்சினையில் முக்கால்வாசி பேச்சே எழாமல் போய்விடும்.

உங்களுக்குச் சுவர்தான் முக்கியம் என்றால் நேராக பெர்னவர் ஸ்ட்ராஸ என்ற தெருவில் இருக்கும் சுவர் நினைவிடத்துக்குப் போங்கள், அரை நாள் ஒதுக்குங்கள். ஓவியம் தீட்டிய 1.3 கிலோமீட்டர் சுவர், ஈஸ்ட் சைடு கேலரி, போட்டோவுக்கு அழகாக இருக்கும். ஆனால் அந்த ஓவியங்கள் சுவர் விழுந்த பிறகு 1990-இல் வரைந்தவை. சுவர் என்னவாக இருந்தது என்பது பெர்னவரில்தான் புரியும். 1961 ஆகஸ்ட் 13-இல் கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனி அரசு மேற்கு பெர்லினுடனான எல்லையை அடைத்தபோது இந்தத் தெருவின் ஒரு பக்க வீடுகள் கிழக்கு பெர்லின், வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை மேற்கு பெர்லின். கதவை அடைத்ததும் ஜன்னல் வழியே குதித்தார்கள். சிலர் செத்தார்கள். ஜன்னல்களுக்கும் செங்கல் வைத்துப் பூசினார்கள், பிறகு வீடுகளையே இடித்தார்கள். 1964-இல் மேற்கு பெர்லின் மாணவர்கள் இந்தத் தெருவுக்கு அடியில் சுரங்கம் தோண்டி 57 பேரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். கிட்டத்தட்ட உங்கள் வயதுப் பிள்ளைகள். சுரங்கங்கள் போன தடத்தை இன்று தரையில் அடையாளம் வைத்திருக்கிறார்கள். எல்லைப் பட்டையின் நடுவில் மாட்டிக்கொண்டிருந்த தேவாலயத்தைக் கிழக்கு ஜெர்மனி அரசு 1985-இல் வெடி வைத்துத் தகர்த்தது. அதே இடத்தில் இப்போது மண்ணை இடித்துக் கெட்டித்து எழுப்பிய சிறு ஆலயம் நிற்கிறது. தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பார்வை மாடத்தில் ஏறுங்கள்: இரட்டைச் சுவர், இடையில் வெற்று நிலம், காவல் கோபுரம் எல்லாம் அப்படியே தெரியும். எங்கேயும் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனால் பக்கத்திலேயே மவுவர்பார்க்கில் பழைய பொருள் சந்தையும் இருக்கும்.

இன்னொரு இடம் அந்த ஷீட்டில் இருக்காது. உங்கள் ரயில் நிற்கும் ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ நிலையத்தை ஒட்டி ‘கண்ணீர் மாளிகை’ என்று ஒரு கண்ணாடிக் கூடம் இருக்கிறது. கிழக்கிலிருந்து மேற்குக்குத் திரும்புகிறவர்களைச் சொந்தக்காரர்கள் அழுது வழியனுப்பிய இடம், இப்போது இலவச அருங்காட்சியகம். 1980-களில் இலங்கையிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இந்த ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ வழியாகத்தான் மேற்கே போய் அடைக்கலம் கேட்டார்கள். மேற்குத் தரப்பு இரண்டு பெர்லினுக்கும் நடுவில் இருந்த எல்லையை நாட்டு எல்லையாக ஒப்புக்கொள்ளவில்லை, அதனால் அந்தப் பக்கம் பாஸ்போர்ட் சோதனை இல்லை. தன் குடிமக்களை வெளியே விடாமல் சுவர் கட்டிய அரசு, நம்மவர்களை டிரான்சிட்டில் அந்தப் பக்கம் போக விட்டது. எனக்கு பெர்லினின் மற்ற எந்தக் கதையையும் விட இது பெரிது. பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயிலும் இருக்கிறது. நடை திறக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்.

நாஜிகள் கொன்ற யூதர்களுக்கான நினைவிடத்தில், 2,711 கான்கிரீட் கற்கள் நிற்கும் இடத்தில், கல்லுக்குக் கல் தாவி ரீல்ஸ் எடுக்கும் வேலை வேண்டாம் என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்ல வேண்டியிருக்கும். அது நீங்களாகவே இருங்கள்.

சாப்பாட்டுக்கு சனிக்கிழமைக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள். ஞாயிறு சூப்பர் மார்க்கெட் எல்லாம் அடைத்துவிடுவார்கள், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் சில கடைகள்தான் கதி. ஹாஸ்டல் காசும் முடியாது என்றால் சனிக்கிழமை மட்டும் போய், கடைசி ரயில் எப்போது என்று பார்த்து, ராத்திரியே திரும்புங்கள். இரண்டு மணி நேரத் தூரம்தானே, அதில் ஒரு குறையும் இல்லை.

ரைஷ்டாக் மட்டும் எட்டுப் பேரும் சேர்ந்து பார்க்க வேண்டியது. பாராளுமன்றத்தின் மேல் 1999-இல் நார்மன் ஃபாஸ்டர் கட்டிய கண்ணாடிக் குவிமாடத்துக்கு இலவசமாக ஏறலாம். நகரம் முழுக்கத் தெரியும், டவர் டிக்கெட் காசு மிச்சம். நடுவில் இருக்கும் கண்ணாடிக் கூம்பு பகல் வெளிச்சத்தைக் கீழே எம்.பி.க்கள் உட்காரும் அவைக்குள் இறக்குகிறது. ஆனால் ஒவ்வொருவர் பெயரும் பிறந்த தேதியும் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும், அன்று ஒரிஜினல் பாஸ்போர்ட் வேண்டும், வாரக் கடைசி இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த வேலையை அந்த நண்பனிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சனி சாயங்கால நேரமாகப் பார்த்து, இன்றைக்கே விவரம் கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.